கையடக்கத் தீ – 6: வெண்தீவில் கிடந்த அடுப்பு

சென்ற வாரம் நார்வே துருவப் பயணி நான்சனையும் அவருடைய கூட்டாளி யோஹான்சனையும் பனிக்கடலின் நடுவே விட்டுவிட்டு வந்தோம். அவர்கள் வண்டியில் இருந்த அடுப்பின் கதை இது. ஸ்டாக்ஹோம் மெக்கானிக் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட், ப்ளோ லேம்ப்பின் தத்துவத்தை அடுப்புக்குள் கொண்டுவந்தார். 1892இல் அது ‘பிரைமஸ்’ என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது. 1895 மார்ச்சில் நான்சன் அதைச் சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு வட துருவம் நோக்கிக் கிளம்பினார்.

அவர் போட்ட கணக்கு நினைவிருக்கும். ஏறத்தாழ 18 லிட்டர் மண்ணெண்ணெய், இரண்டு ஆட்கள், 120 நாட்கள். தினமும் இரண்டு வேளை சூடான சாப்பாடு, குடிக்க வேண்டிய மட்டும் தண்ணீர். அடுப்பைச் சுற்றிப் பாத்திரம், அதைச் சுற்றி வளையமாக இன்னொரு பாத்திரம், தலைமேல் பனி உருக்க ஒரு தட்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மூடுறை. எரிந்த எண்ணெயின் சூட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாத்திரத்துக்குள்ளேயே போனது என்று நான்சன் சொன்னார்.

துருவம் அவருக்குக் கிட்டவில்லை. 86 பாகை 14 கலை வரை போய்த் திரும்பினார். ஆனாலும் 1896 ஆகஸ்ட் 13இல் அவர் நார்வேயின் வார்டோ துறைமுகத்தில் உயிரோடு கரையேறினார். அதே நாளில்தான் அவருடைய கப்பல் ‘ஃபிராம்’ மூன்றாண்டுப் பனிச்சிறையிலிருந்து விடுபட்டது. மறுநாள் அந்தக் கப்பல் ஸ்வால்பார்டின் டான்ஸ்கோயா தீவை நெருங்கியபோது, அந்தக் கரையில் மரத்தால் கட்டிய பிரம்மாண்டமான கொட்டகை ஒன்று நின்றது. உள்ளே ஒரு பலூன்.

பலூனுக்குச் சொந்தக்காரர் துருவத்துக்கு நடந்து போவதாக இல்லை. பறந்து போவதாக இருந்தார்.

*

சாலமன் ஆகஸ்ட் ஆந்த்ரே ஸ்வீடன் காப்புரிமை அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர். ஊரார் கொண்டுவரும் கண்டுபிடிப்புகளில் எது தேறும், எது தேறாது என்று தீர்ப்புச் சொல்வதே அவருக்கு வேலை. தன் யோசனையை மட்டும் அந்தத் தராசில் அவர் வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

யோசனை இதுதான். ஹைட்ரஜன் பலூனில் ஏறி, நீளமான கயிறுகளைப் பனிமேல் இழுபட விடுவது. கயிறு உரசுவதால் பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும். அந்த வேக வித்தியாசத்தைப் பாய்மரத்தில் பிடித்துத் திசையைத் திருப்புவது. மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பணம் தந்தார். டைனமைட் புகழ் ஆல்பிரட் நோபெல் பணம் தந்தார். பாரிஸில் ஆன்றி லாஷாம்பர் பட்டறையில் சீனப் பட்டு கொண்டு பலூன் தைக்கப்பட்டது. குறுக்களவு 20 மீட்டருக்கு மேல். பெயர் ‘ஓர்னன்’, அதாவது கழுகு.

எல்லாம் சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மூன்று பேர், மாதக்கணக்கான பயணம், சுற்றிலும் உறைகுளிர். சூடாக ஏதாவது உள்ளே போகாவிட்டால் ஆள் தாங்கமாட்டார்கள். ஆனால் தலைக்கு மேலே பல ஆயிரம் கன மீட்டர் ஹைட்ரஜன். பட்டில் ஊசி போன துளைகள் வழியாக வாயு கசிந்துகொண்டே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யார் தீக்குச்சி கிழிப்பார்கள்?

ஆந்த்ரேயின் பொறியாள நண்பர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். பிரைமஸ் அடுப்பை ஒரு கூட்டுக்குள் பொருத்தி, பயணிகள் நிற்கும் கூடைக்குக் கீழே 8 மீட்டர் தொலைவில் தொங்கவிடுவது. மேலிருந்தபடியே அதைப் பற்ற வைக்க ஓர் ஏற்பாடு. பற்றியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அதற்குச் சாய்வாக ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தால் சுடர் அதில் தெரியும். வெந்ததும் கயிற்றை இழுத்து மேலே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுப்பின் வரலாற்றில் இப்படியொரு சமையலறை அபூர்வம். பலூன் விஷயத்தில் காட்டாத எச்சரிக்கையை ஆந்த்ரே அடுப்பு விஷயத்தில் காட்டினார் என்பது வேடிக்கை. 1896இல் காற்று சாதகமாக வீசாமல் பயணம் தள்ளிப்போனபோது, கூடப் போக இருந்த நில்ஸ் எக்ஹோல்ம் என்ற வானிலை அறிஞர் பலூனின் கசிவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார். கசிவைச் சரிசெய்வதற்குப் பதிலாக அவருடைய இடத்துக்கு வேறு ஆள் சேர்க்கப்பட்டார்.

*

1897 ஜூலை 11. கொட்டகையின் ஒரு பக்கச் சுவரைப் பிரித்தார்கள். கூடையில் ஆந்த்ரே, வயது 42. நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் உறவுக்காரரும் இயற்பியல் படித்தவரும் நல்ல புகைப்படக்காரருமான நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், வயது 24. எக்ஹோல்மின் இடத்துக்கு வந்த பொறியாளர் க்னூட் ஃபிரெங்கெல், வயது 27.

பலூன் எழும்பிய சில நிமிடங்களிலேயே தாழ்ந்து கூடை கடலில் பட்டது. பதறிப்போய் 200 கிலோவுக்கு மேல் மணலைக் கொட்டினார்கள். அதே நேரத்தில், திசை திருப்ப வேண்டிய அந்த இழுகயிறுகளின் பெரும்பகுதி திருகு கழன்று கரையிலேயே விழுந்துவிட்டது. இரண்டு இழப்பும் சேர்ந்து பலூனை விர்ரென்று மேலே தூக்கின. இனி அது காற்று இழுத்த இழுப்புக்குப் போகும் வெறும் பட்டுப்பை.

பத்தரை மணி நேரம் மிதந்தது. அதன்பின் மூடுபனியும் உறைபனியும் கனத்துப்போய், கூடை பனிப்பாளங்களில் முட்டி முட்டி இன்னும் 41 மணி நேரம். நடுவே நின்ற நேரத்தையும் சேர்த்தால் புறப்பட்டு 65 மணி நேரம் கழித்து, ஜூலை 14 காலையில் மூவரும் பனிமேல் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. 82 பாகை 56 கலை. துருவம் இன்னும் வெகுதூரம். வீடும் வெகுதூரம்.

எட்டு மீட்டர் கயிறு, கண்ணாடி எல்லாவற்றுக்கும் வேலை முடிந்தது. அடுப்புக்கு இனிமேல்தான் வேலை.

*

ஒரு வாரம் அங்கேயே கூடாரம் போட்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்தார்கள். ஜூலை 22இல் நடக்கத் தொடங்கியபோது ஒவ்வொருவரும் இழுத்த வண்டியில் 200 கிலோ அளவுக்குச் சுமை. அனுபவமுள்ள எந்தத் துருவப் பயணியும் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். பனி சமதரையாக இல்லை. மேடு, பள்ளம், பிளவு, பிளவில் தண்ணீர். தண்ணீர் வந்த இடத்திலெல்லாம் வண்டியைத் துணிப்படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும்.

சில நாட்களிலேயே புத்தி வந்தது. உணவில் பெரும்பகுதியைப் பனிமேலேயே விட்டுவிட்டு, சுமையை 130 கிலோ அளவுக்குக் குறைத்தார்கள். இந்த முடிவு பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வித்து. டின் உணவைத் தூக்கிப் போட்டாயிற்று என்றால் இனி சுட்டுத்தான் தின்ன வேண்டும். அந்தப் பனியில் சுடக் கிடைப்பவை கரடி, சீல், கடற்பறவை.

தூக்கிப் போட்டவற்றில் பிரைமஸ் இல்லை. அதைச் சுமந்தே ஆக வேண்டும், அதற்கான மண்ணெண்ணெயையும் சுமந்தே ஆக வேண்டும். பனிக்கடலில் அடுப்பின் முதல் வேலை சமையலே கிடையாது, பனியை உருக்கித் தண்ணீராக்குவதுதான். கண்ணுக்கு எட்டிய வரை உறைந்த நீர், குடிக்க ஒரு மடக்கு இல்லை. பனிக்கட்டியை அப்படியே வாயில் போட்டு உருக்கினால் உடம்பின் சூடுதான் செலவாகும். நாளெல்லாம் வண்டி இழுத்தவனுக்கு அந்தச் சூடு தேவை.

அந்த அடுப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பித்தளைத் தொட்டி, மூன்று கால், தொட்டியின் பக்கவாட்டில் பம்பு. நடுவில் நிற்கும் குழாயின் மேல் பர்னர், அதற்குக் கீழே ஸ்பிரிட் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம். எண்ணெய் ஊற்றும் மூடியின்மேல் ஒரு காற்றுத் திருகு. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்ற வைத்தால் பர்னர் காயும். ஸ்பிரிட் தீரப்போகும் நேரம் பார்த்துக் காற்றுத் திருகை இறுக்கி நாலு பம்பு அடித்தால், ஏறிவரும் எண்ணெய் காய்ந்த குழாயில் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி, காற்றோடு கலந்து நீலமாக எரியும். அணைக்க வேண்டுமா, காற்றுத் திருகைத் தளர்த்தினால் போதும். அழுத்தம் போய்விடும், சுடரும் போய்விடும். தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தக் காற்றைக் கொண்டுதான்.

எரிவாயு வருவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் இரைந்த பம்பு ஸ்டவ் இதன் வம்சம். அடைத்துக்கொண்டால் ‘பின்’ போட்டுக் குத்தியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அந்தத் திருகை மட்டும் மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் அதைத் தேடி வர வேண்டியிருக்கும்.

*

நடந்தார்கள். முதலில் கிழக்கே, ஃபிரான்ஸ் ஜோசஃப் தீவுகளை நோக்கி. அவர்கள் கிழக்கே நடக்க, காலடியில் பனிப்பாளம் மேற்கே நகர்ந்தது. நாள் முழுக்க இழுத்துவிட்டு இருக்கும் இடத்தை அளந்தால், சில நாட்களில் பின்னால் போயிருந்தார்கள். ஆகஸ்ட் 4இல் மனம் மாறி, தென்மேற்கே வேறொரு தீவுக்கூட்டத்துக்குத் திரும்பினார்கள். பனி அதற்கும் வழிவிடவில்லை.

இந்த வாரங்களின் நாட்குறிப்பில் சாப்பாட்டுப் பேச்சு நிறைய. கரடி இறைச்சியை விதம்விதமாகச் சமைத்தார்கள். பனியில் படர்ந்த பாசியைக்கூடச் சூப்பாக்கிப் பார்த்து, பயணிகளுக்கு இது உதவும் என்று ஆந்த்ரே மெச்சி எழுதி வைத்தார். சில வேளை கரடியைப் பச்சையாகவே, உப்புத் தொட்டுத் தின்றார்கள். சிப்பிபோல் இருக்கிறது என்று அதற்கும் பாராட்டு.

இந்தக் கடைசி வரியை விசாரணைக்காரர்கள் பிற்பாடு அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பர் நடுவில் குளிர் கடுமையானது. இனி நடந்து பயனில்லை என்று, தங்களைச் சுமந்துகொண்டிருந்த பாளத்தின் மேலேயே பனிக்கட்டியால் வீடு கட்டத் தொடங்கினார்கள். தூரத்தில் ஒரு தீவு தெரிந்தது. முழுக்கப் பனிக்கவிகையால் மூடிய க்விட்டோயா, வெண்தீவு.

செப்டம்பர் 18. மன்னர் ஆஸ்கார் அரியணை ஏறி 25 ஆண்டு நிறைவு. உலகத்தின் உச்சியில், மிதக்கும் பனிக்கட்டிமேல், மூன்று பேர் அதற்கு விருந்து வைத்தார்கள். சீல் வறுவல். வெண்ணெயிலும் சீல் கொழுப்பிலும் பொரித்த கடற்பறவை. சீலின் ஈரல், மூளை, சிறுநீரகம். சாக்லேட் பானம், பிஸ்கட், திராட்சை கேக், ராஸ்பெரி பாகு. மன்னரே அன்பளிப்பாகத் தந்த 1834ஆம் ஆண்டு போர்ட் ஒயின். ஆந்த்ரே மன்னருக்கு வாழ்த்துச் சொல்ல, மூவரும் சேர்ந்து தேசியகீதம் பாடினார்கள்.

ஒற்றை பர்னரில் எது முதலில் வெந்தது, எது கடைசியில் வெந்தது என்ற சமையல்காரரின் கவலை யாருக்குத் தோன்றியதோ, தெரியாது. பாவம், இடைப்பட்ட நேரத்தில் ஈரல் ஆறிப்போயிருக்கும்.

அக்டோபர் 2ஆம் தேதி விடியற்காலையில் பாளம் பிளந்தது. கட்டிய வீட்டின் சுவரோரமாகவே விரிசல். பொருள்கள் அங்கங்கே தனித்தனிப் பாளங்களில் மிதந்தன. எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, அக்டோபர் 5இல் வெண்தீவின் தென்மேற்கு மூலையில் கரையேறினார்கள். ஜூலைக்குப் பிறகு அவர்கள் கால் பட்ட முதல் கெட்டித் தரை அது.

சில நாட்களில் ஆந்த்ரேயின் நாட்குறிப்பு நின்றுவிடுகிறது. ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் பஞ்சாங்கத்தில் அக்டோபர் 17க்கு எதிரே, காலை ஏழு மணி சுமாருக்கு வீடு என்று ஒரு குறிப்பு.

அதற்குப்பின் 33 ஆண்டுகள் யாரிடமிருந்தும் ஒரு சொல் இல்லை.

*

1930 ஆகஸ்ட் 6. அந்த ஆண்டு பனி வழக்கத்தைவிடக் குறைவு. நார்வேயின் ‘பிராட்வோக்’ என்ற சீல் வேட்டைக் கப்பல், குன்னர் ஹோர்ன் என்ற நிலவியலாளரின் ஆய்வுக் குழுவையும் சுமந்துகொண்டு வெண்தீவை நெருங்க முடிந்தது. சாதாரண ஆண்டில் அந்தத் தீவு யாரையும் கிட்டே அண்டவிடாது.

கரையில் வால்ரஸ் வேட்டை. தோலுரித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களுக்குத் தாகம். தண்ணீர் தேடிப் போனார்கள். ஒரு சின்ன ஓடையைக் கடந்த இடத்தில் தரையில் ஏதோ பளபளத்தது. குனிந்து எடுத்தார்கள்.

ஓர் அலுமினிய மூடி. பாத்திரத்து மூடி.

ஸ்வீடன் 33 ஆண்டாகக் கட்டி வைத்திருந்த கேள்விக்கெல்லாம் முதல் பதில் ஒரு சமையல் பாத்திரத்தின் மூடியாக வந்தது. அதற்கப்புறம் பனிக்குள் பாதி புதைந்த துணிப்படகு. படகுக்குள் ஒரு கொக்கிக் கழி, அதில் ‘ஆந்த்ரேயின் துருவப் பயணம் 1896’ என்ற பொறிப்பு. சற்றுத் தள்ளிப் பாறைச்சுவரில் சாய்ந்தபடி ஓர் உடல்; சட்டையில் ஆந்த்ரேயின் முதலெழுத்து. இன்னும் தள்ளி, பாறைப் பிளவுக்குள் கற்களை அடுக்கி மூடிய ஒரு கல்லறை. அதில் ஸ்ட்ரிண்ட்பெர்க்.

ஒரு மாதம் கழித்து, செய்தியாளர்கள் வாடகைக்கு அமர்த்திய ‘இஸ்பியோர்ன்’ என்ற கப்பல் வந்தது. அதற்குள் பனி இன்னும் உருகியிருந்தது. ஃபிரெங்கெலின் உடல் அப்போதுதான் கிடைத்தது. ஸ்ட்ரிண்ட்பெர்க் எடுத்த படச்சுருள்களிலிருந்து ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் 93 படங்களைக் கழுவி மீட்டார். சரிந்து கிடக்கும் பலூனின் முன் நிற்கும் இரண்டு ஆட்களின் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

படங்கள்தான் உலகப் பத்திரிகைகளை நிரப்பின. இந்தத் தொடருக்கு வேண்டியது, அதே பாறையடியில் கிடைத்த இன்னொரு பொருள்.

பிரைமஸ். தொட்டியில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தது. பம்பை அழுத்திப் பார்த்தார்கள். பர்னரின் துளையிலிருந்து எண்ணெய் நுண்துளியாகப் பீறிட்டு வந்தது.

*

பழைய அடுப்பு சேகரிப்பவர்கள் இந்தச் செய்தியைச் சாமி கதைபோலச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் அவர்களே காரணமும் சொல்வார்கள், அதில் அற்புதம் ஏதும் கிடையாது.

ஏதோ ஒரு ஊரின் பழம்பொருள் சந்தையில் பித்தளைப் பிரைமஸ் ஒன்று கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் முதலில் தொட்டியின் அடியைத் திருப்பிப் பார்ப்பார். 1911 முதல் அந்த நிறுவனம் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று முத்திரை குத்தியது. எழுத்து தெரிந்தால் வயது தெரிந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். பம்புத் தண்டை உருவி, நுனியிலுள்ள தோல் வாஷரை விரலால் அழுத்துவார். காய்ந்து வெடித்திருந்தால் எண்ணெயில் ஊறப்போடுவார், அல்லது புதிது வெட்டிப் போடுவார். பம்பின் அடியில் காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வில் ஒரு சின்னத் தக்கை உண்டு. பெரும்பாலும் அதுதான் கைவிட்டிருக்கும். மாற்றுவார். எல்லாம் முடிந்து தொட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்து, எங்கேயாவது குமிழி கிளம்புகிறதா என்று பார்த்த பிறகுதான் தீக்குச்சி. பித்தளையைப் பளபளப்பாக்குவதா, பழைய நிறத்தோடு விடுவதா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. தேய்க்கும் கட்சிக்கு, நம் ஊரில் புளி செய்த வேலையைச் சிட்ரிக் அமிலம் செய்கிறது.

இந்தப் பட்டியலில் கெட்டுப்போகக் கூடியவை தோலும் தக்கையும் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். பித்தளை துருப்பிடிக்காது. மண்ணெண்ணெய் மூடிய தொட்டிக்குள் எளிதில் ஆவியாகாது. தோலை உலர்த்துவது வெப்பம். வெண்தீவில் அதற்கு இடமேயில்லை. ஆண்டில் பெரும்பகுதி பனிக்குள் புதைந்து கிடந்த அடுப்பு, ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததைவிடப் பத்திரமாக இருந்தது.

ஆக, அடுப்பு வேலை செய்ததில் வியப்பில்லை. அதற்குள் எண்ணெய் இருந்ததுதான் வியப்பு.

*

மூவரின் உடல்களும் 1930 அக்டோபர் 5இல் ஸ்டாக்ஹோம் வந்து சேர்ந்தன. வெண்தீவில் அவர்கள் கரையேறிச் சரியாக 33 ஆண்டு. மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் வரவேற்றுப் பேசினார். தெருவெல்லாம் கூட்டம். சகல மரியாதையோடு தகனம் செய்தார்கள்.

மரியாதையில் குறை வைக்கவில்லை. எப்படிச் செத்தார்கள் என்று கண்டறிய மருத்துவப் பரிசோதனையை மட்டும் யாரும் முறையாகச் செய்யவில்லை. தீ அந்தக் கதவை அடைத்துவிட்டது. மிஞ்சியவை பொருள்கள். அன்றிலிருந்து இன்றுவரை வழக்கு முழுக்கப் பொருள்களின் சாட்சியத்தில்தான் நடக்கிறது.

பட்டினி என்று சொல்ல முடியாது. முகாமில் உணவு இருந்தது, துப்பாக்கி இருந்தது, தோட்டா இருந்தது. கரடிகளுக்கும் குறைவில்லை. குளிரால் என்றால், மாற்றுத்துணி இருந்தது, கரையில் ஒதுங்கிய மரக்கட்டை இருந்தது. அடுப்பும் எண்ணெயும் இருந்தன.

இந்த இடத்தில்தான் ஒருவர் விரலை அடுப்பின் பக்கமே திருப்பினார். துருவப் பயணத்தில் பழுத்தவரான வில்யால்மர் ஸ்டெஃபான்சன், ஆர்க்டிக்கின் தீராத மர்மங்களைப் பற்றி 1930களின் இறுதியில் எழுதிய நூலில், கொன்றது பிரைமஸாக இருக்கலாம் என்றார். கூடாரத்தின் மேல் பனி கொட்டியிருக்கும். உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம் துணியில் உறைந்து நூலிழை இடைவெளியையும் அடைத்திருக்கும். அந்த அடைசலில் அடுப்பு எரிந்தால், காற்று குறையக் குறைய நீலச் சுடர் நலியும், கார்பன் மோனாக்சைடு கிளம்பும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மேலே வைத்த பாத்திரத்தில் பனிக்கட்டி நிரம்பியிருந்தால் அந்தச் சில்லிட்ட அடிப்பாகமே சுடரைக் குளிர்வித்து, நஞ்சை இன்னும் கூட்டும்.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1934இல் அண்டார்க்டிகாவில் தனிக் குடிலில் குளிர்காலம் கழித்த அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்டை, காற்றோட்டமில்லாத அடுப்புப் புகை ஏறத்தாழக் கொன்றேவிட்டது. கூட்டாளிகள் வந்து சேர்ந்ததால் பிழைத்தார்.

ஆனால் குற்றச்சாட்டில் ஓர் ஓட்டை. ஸ்ட்ரிண்ட்பெர்க் கல்லறையில் இருந்தார். யாரோ கல் சுமந்து அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அப்படியானால் அவர் முதலில் போனார், வேறு ஏதோ காரணத்தால். அடுப்பின்மேல் அதிகபட்சம் இரண்டு சாவைத்தான் சுமத்தலாம்.

சரி, அந்த இருவருக்காவது? எண்ணெயைப் பார்ப்போம். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே இருவரும் மயங்கினார்கள் என்றால், எண்ணெய் தீரும்வரை எரிந்திருக்க வேண்டாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. பிரைமஸைப் பழகியவர்கள் சிரிப்பார்கள். இடையில் பம்பு அடிக்க ஆளில்லாவிட்டால் அழுத்தம் இறங்கி அது தானாகவே அணையும், அரைத் தொட்டி எண்ணெயோடு. துளையில் கரி அடைத்தாலும் அப்படித்தான். எண்ணெய் மிச்சம் என்பது அடுப்புக்கு நற்சான்றிதழும் ஆகாது, தண்டனைச் சீட்டும் ஆகாது.

வழக்கை அடுப்பிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு மாற்றியவர் டென்மார்க் மருத்துவர் எர்ன்ஸ்ட் டிரைடே. 1952இல் வெளியான தன் நூலில் அவர், முகாமிலிருந்து வந்த கரடி எச்சங்களில் டிரைகினெல்லா என்ற ஒட்டுண்ணியின் புழுக்கூடுகளைக் கண்டதாக எழுதினார். சரியாக வேகாத இறைச்சி வழியே தசைக்குள் குடியேறும் புழு அது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தசைவலி. நாட்குறிப்பிலும் வயிற்றுக் கோளாறும் உடல்வலியும் பல இடங்களில் வருகின்றன. உப்புத் தொட்டுத் தின்ற அந்தச் சிப்பிச் சுவை நினைவிருக்கிறதல்லவா?

அப்படியானால் அடுப்பின் குற்றம் எரிந்தது அல்ல, போதுமான நேரம் எரியாதது. எண்ணெயை மிச்சம் பிடித்தார்களா? களைப்பில் வேகும்வரை காத்திருக்கவில்லையா? இதற்கும் மறுப்பு உண்டு. நார்வேக்காரர்களும் எஸ்கிமோக்களும் இந்த நோயோடு பிழைத்திருக்கிறார்கள். பனிமேல் கழித்த ஏறத்தாழ மூன்று மாதமும் தாங்கிய உடம்பு, தரையில் கால் வைத்த சில நாளில் ஏன் சாய வேண்டும்?

சீல் இறைச்சியில் வளர்ந்த நஞ்சு என்றார் ஒருவர். டின் உணவின் ஈயம் என்றார் இன்னொருவர். மருந்துப் பெட்டியில் இருந்த அபினியைக் காட்டியவர்களும் உண்டு. மருத்துவரான ஸ்வீடன் எழுத்தாளர் பேய உஸ்மா 2013இல் எழுதி, அந்த ஆண்டின் ஆகஸ்ட் விருதைப் பெற்ற நூலில், ஒவ்வொரு சந்தேகத்தையும் எடுத்து உரசிப் பார்த்தார். பனிக்கரடியின் பக்கமும் அவர் பார்வை போகிறது. மீட்கப்பட்ட பொருள்களில் பெரும்பகுதி இன்று ஆந்த்ரே பிறந்த கிரென்னா ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வழக்கு மட்டும் முடியவில்லை.

கடைசியாக அந்தச் சுடர் அணைந்தது எப்படி? ஒரு கை காற்றுத் திருகைத் தளர்த்தி, நாளைக்கு வேண்டும் என்று எண்ணெயை எடுத்து வைத்ததா? இல்லை, பம்பு அடிக்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லையா?

*

வெண்தீவில் மூவர் கிடந்தது உலகுக்குத் தெரியாமலிருந்த காலத்திலேயே, பூமியின் மறு முனையில் பிரைமஸ் இன்னொரு சோதனையைச் சந்தித்தது. 1911 டிசம்பரில் நார்வேயின் அமுண்ட்சன் தென் துருவம் தொட்டார். ஒரு மாதம் கழித்து பிரிட்டனின் ஸ்காட்டும் தொட்டார். இருவரிடமும் இருந்தது ஒரே வகை அடுப்பு.

திரும்பும் வழியில், 1912 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், ஸ்காட்டின் ஆட்கள் தாங்கள் முன்பு சேமித்து வைத்த கிடங்குகளை ஒவ்வொன்றாக எட்டினார்கள். கிடங்கு வைத்த இடத்திலேயே இருந்தது. மண்ணெண்ணெய் டின்களும் இருந்தன. தூக்கிப் பார்த்தால் கனம் குறைவு.

அமுண்ட்சனின் டின்களில் எண்ணெய் குறையவில்லை. ஸ்காட்டின் டின்களிலிருந்து மட்டும் அது எந்த வழியாகப் போனது?

(தொடரும்)